வடகடலா தென்கடலா: மண்டபத்துக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர்களுக்கு

"மண்டபத்துக்கு மீன் பிடிக்கப் போறோம், என்ன ராடு வாங்கலாம், ரீல் 4000 சைஸா 5000 சைஸா?" என்று கேட்டு ஆட்கள் மெசேஜ் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்த மாசம் போறீங்க என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது, ராடு கேட்டால் இவன் பஞ்சாங்கம் பார்க்கிறானே என்று. ஆனால் அந்தக் கரையில் மாசம் தெரியாமல் ராடு சொல்ல முடியாது. மாசம் தெரிந்தால் காற்று தெரியும், காற்று தெரிந்தால் எந்தக் கடலில் இறங்கப் போகிறோம் என்று தெரியும், கடல் தெரிந்தால் ஆழமும் தரையும் தெரியும். அதற்கப்புறம் ராடு, ரீல், நரம்பு எல்லாம் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், ராமேசுவரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே இருக்கிறவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்ல மாட்டார்கள். வடகடல், தென்கடல், அவ்வளவுதான். ஒரு கரையில் டீ குடித்துவிட்டு மறு கரைக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு ஒடுக்கமான நிலம். ஆனால் ரெண்டு கடலுக்கும் குணம் ஒட்டவே ஒட்டாது. வடகடல் ஆழமில்லாதது, சராசரி ஆழம் 10 மீட்டர்கூட வராது, தரையில் சேறும் மணலும் கடல் தாழையும் (கடல் புல்). தென்கடலில் கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே தீவுகள், தீவுகளைச் சுற்றிப் பவளப் பார் (பவளப்பாறைத் திட்டு), அதைத் தாண்டி வெளியே போகப் போக ஆழம் இறங்கிக்கொண்டே போகும்.

காற்று விஷயம் இப்படி. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரைக்கும் வாடை. அது வடகிழக்கிலிருந்து வந்து வடகடலை நேராக அடிக்கும், தண்ணீர் சேற்றுக் கலங்கலாகி, அலை குட்டை குட்டையாக அடுத்தடுத்து வந்து படகை ஆட்டி எடுக்கும். அதே நாளில் தென்கடல் பக்கம் நிலத்தின் மறைவில் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும் கச்சான், தென்மேற்கிலிருந்து வருவது. அப்போது கதை தலைகீழ்: தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். நடுவே மாசி, பங்குனி, சித்திரை என்று ஒரு இடைவெளி இருக்கிறதே, அப்போது ரெண்டு பக்கமும் அடங்கி, தண்ணீர் தெளிந்து, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை வரும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் போக முடியும் என்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

கச்சான் காலத்தில் வடகடல் அமைதியாக இருப்பதை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரையில் அலையே இல்லையே என்று தோன்றும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. படகு கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக அதே காற்று அலையைக் கிளப்பிக்கொண்டே வரும், இஞ்சின் நின்றுவிட்டால் படகு போகும் திசை வெளிக்கடல்தான், அந்தப் பக்கம் இலங்கை எல்லைக் கோடு ரொம்ப தூரத்தில் இல்லை. அதனால் கச்சான் நாளில் விடியும் முன்பே கிளம்பி, பத்து மணிக்கு மேல் காற்று ஏறுவதற்குள் கரை திரும்பிவிடுவது நல்லது. மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கிறது, இன்னும் அரை மணி நேரம் என்று படகுக்கார அண்ணனிடம் கெஞ்சாதீர்கள். அவர் கிளம்பலாம் என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

இனி சாமானுக்கு வருகிறேன்.

வடகடலுக்கு என்றால் எனக்குப் பிடித்தது 8 அடி ராடு, 20 முதல் 50 கிராம் வரைக்கும் எறியக்கூடியது, 4000 சைஸ் ரீல், பி.இ. 1.5 அல்லது 2 தடிமனில் பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் முன்னால் 40 பவுண்டு லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு) ஒன்றரை மீட்டர். அங்கே கிடைப்பது ஊழி, கட்டா, சின்ன பாரை, அதிர்ஷ்டம் இருந்தால் கழிமுகப் பக்கம் கொடுவா. ஆழமில்லாத தண்ணீரில் இவை தரைக்குப் போய் ஒளிய இடம் கிடையாது, பக்கவாட்டில்தான் ஓடும், ஓட விட்டுப் பிடிக்கலாம். 100 கிராம் ஜிக்கை, அதாவது கனமான உலோகப் பொய் இரையை, அங்கே கொண்டுபோவது வீண் சுமை. போட்ட மூன்றாவது விநாடியில் சேற்றில் புதைந்து, மேலே வரும்போது ஒரு கொத்து தாழையோடு வரும். 15, 20, 30 கிராம் போதும். காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் அறுந்த தாழை மேற்பரப்பு முழுக்க மிதக்கும், அன்றைக்கு மூன்று கொக்கித் தொங்கல் உள்ள மின்னோ லூரை (மீன் வடிவப் பொய் இரை) பெட்டியிலேயே வைத்துவிட்டு ஒற்றை முள் போட்ட ஸாஃப்ட் பிளாஸ்டிக்கை (ரப்பர் மீனை) முள் வெளியே தெரியாமல் கோத்து எறிவதுதான் ஒரே வழி.

ஸாஃப்ட் பிளாஸ்டிக் என்றதும் பேத்தை மீன் ஞாபகம் வருகிறது. சும்மா ஒரு சின்னத் தட்டல், அப்புறம் ஒன்றுமில்லை, சுருட்டிப் பார்த்தால் ரப்பர் மீனின் வாலைக் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி அரைவட்டமாகக் காணோம். அடுத்ததை மாட்டிப் போட்டால் அதுவும் அப்படியே. ஒரு பாக்கெட் முடியும் வரைக்கும் அங்கேயே நிற்காமல் படகை நகர்த்தச் சொல்லிவிடுங்கள், பேத்தைக் கூட்டத்தோடு போட்டி போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. பிடிபட்டாலும் அதைச் சமைக்கிற யோசனையே வேண்டாம், விஷம்.

தென்கடலில் பார் ஓரம் மீன் பிடிப்பது வேறு விளையாட்டு. விளமீன், களவா, செப்பிலி எல்லாம் கடித்த கையோடு கல்லுக்குள் தலையைக் கொடுத்துவிடும். முதல் ஐந்து விநாடிதான் சண்டை. அந்த ஐந்து விநாடியில் மீனைத் தரையிலிருந்து ரெண்டு மூன்று ஆள் உயரம் மேலே தூக்கிவிட்டால் மீன் உங்களுடையது, இல்லையென்றால் நரம்பு கல்லில் உரசும் அந்த நறநற அதிர்வு ராடு வழியாக உள்ளங்கைக்கு வரும், அப்புறம் லேசாகிவிடும். அதற்குக் குட்டையான, முதுகு கனமான 6 அடி ராடு, பி.இ. 4 பிரெய்டு, 80 பவுண்டு லீடர். ஆழம் 30, 40 மீட்டர் என்றால் ஜிக் 80 கிராமிலிருந்து 150 கிராம் வரை, நீரோட்டத்தைப் பொறுத்து. ரெண்டு கடலுக்கும் ஒரே ராடு வாங்க முடியாதா என்று கேட்பார்கள். வாங்கலாம், ரெண்டு இடத்திலும் சுமாராக இருக்கும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வடகடல் ராடை வாங்குங்கள், ஏனென்றால் அது கரையிலிருந்து எறியவும் உதவும்.

பி.இ. எண்ணைப் பற்றிக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். அது நரம்பின் தடிமன், தாங்கும் எடை இல்லை. பி.இ. 2 என்றால் சுமார் 0.235 மில்லிமீட்டர். அதே தடிமனில் நல்ல பிரெய்டும் மட்டமான பிரெய்டும் தாங்கும் எடை வேறு வேறாகத்தான் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கிய ஒரு சுருளில் 50 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, கையில் துணியைச் சுற்றி இழுத்ததிலேயே அறுந்துபோனது. கம்பெனி பெயர் வேண்டாம், அந்த மாதிரி பத்து கம்பெனி இருக்கிறது. ராடில் மிச்சம் பிடியுங்கள், ரீலில்கூடக் கொஞ்சம் மிச்சம் பிடியுங்கள், நரம்பிலும் முள்ளிலும் பிடிக்காதீர்கள்.

டிராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை) எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கணக்கு சுலபம்: நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் குறைவு. 30 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய 4 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து "ம், சரியாத்தான் இருக்கு" என்பது கணக்கில் சேராது, சமையல்கட்டில் வைத்திருக்கும் கொக்கித் தராசில் மாட்டி வீட்டிலேயே இழுத்துப் பாருங்கள். 4 கிலோ இழுப்பு என்பது கையில் எவ்வளவு கனம் என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள், முக்கால்வாசிப் பேர் அதில் பாதிகூட வைப்பதில்லை.

வஞ்சிரம் ஒரு தனிப் பிரச்சினை. அந்தக் கரையில் சீலா என்பார்கள். அதன் பல்லுக்கு 80 பவுண்டு லீடர் என்ன, 100 பவுண்டு என்ன, ஒரே கடியில் சுத்தமாகப் போய்விடும், ஊழியும் அப்படித்தான். சரி, கம்பி போடலாம் என்றால் தண்ணீர் தெளிந்த நாளில் கம்பியைப் பார்த்துவிட்டு மீன் பின்னாலேயே வந்து படகருகே திரும்பிப் போகும். நான் செய்வது தண்ணீரைப் பார்த்து முடிவெடுப்பது. லூர் படகை நோக்கி வரும்போது எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். ராடு நீளத்துக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது என்றால் கலங்கல், தைரியமாக ஒரு சாண் கம்பி போடலாம். ரெண்டு மூன்று ராடு நீளத்துக்கு அப்பாலேயே பளிச்சென்று தெரிந்தால் கம்பியைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் எளிதில் தெரியாத தடித்த ஃபுளோரோகார்பன் நரம்பு போட்டு, பத்துக் கடியில் சில லூர்கள் போகும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். விலை கூடிய லூரை மட்டும் அந்த நேரத்தில் கட்டாதீர்கள்.

நிறமும் அதே கணக்குதான். தெளிந்த தண்ணீரில் வெள்ளி, நீலம், சூடை மீன் மாதிரி இருக்கிற எதுவும். கலங்கலில் தங்க நிறம், பளீர் மஞ்சள்-பச்சை, அல்லது நேர்மாறாகக் கறுப்பு, உள்ளே குண்டு உருண்டு சத்தம் போடுகிற லூர். லூர் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு இருபது நிறம் விடுவது மீனைப் பிடிக்க இல்லை, நம்மைப் பிடிக்க. எனக்கு நிறத்தைவிட அளவு முக்கியமாகப் படுகிறது. மீன் அன்றைக்கு நெத்திலியைத் துரத்துகிறதா, சூடையைத் துரத்துகிறதா, முரலைத் துரத்துகிறதா என்று பார்த்து அந்த நீளத்துக்கு லூர் போட்டால் நிறம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் எடுக்கும்.

எதைத் துரத்துகிறது என்று சொல்ல ஆலாப் பறவைகள் இருக்கின்றன. ஆலாக் கூட்டம் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் தேடுகிறது என்று அர்த்தம், தாழ இறங்கி ஒரே இடத்தில் தலைகீழாக விழுந்து விழுந்து எழுந்தால் கீழே கூட்டம் மேலே ஏறியிருக்கிறது. அப்போது பலரும் பண்ணுகிற அநியாயம், இஞ்சினை முறுக்கிக் கூட்டத்துக்கு நடுவே படகை விடுவது. கூட்டம் அப்படியே அடியில் போய்விடும். காற்று வருகிற பக்கமாகச் சுற்றிப் போய், எட்டத்திலேயே இஞ்சினை அணைத்துவிட்டு, காற்றே படகைத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று விட்டு, கூட்டத்தின் ஓரத்தில் எறிய வேண்டும். 8 அடி ராடும் மெல்லிய பிரெய்டும் இங்கேதான் காசுக்கு வேலை செய்யும், எட்டத்திலிருந்தே எறியலாம். கட்டா அப்படி மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், தண்ணீரை விட்டு மொத்தமாக வெளியே வந்து தலையை உதறும். உதறும்போது ராடைத் தாழ்த்தி நரம்பைத் தளர விடாமல் வைத்துக்கொண்டால் போதும். கையில் எடுக்கும்போது முதுகிலும் அடியிலும் உள்ள முட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், குத்தினால் கடுக்கும்.

நீரோட்டத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். பாம்பன் கால்வாய் ரெண்டு கடலையும் இணைக்கிற ஒடுக்கமான வழி. கச்சான் காலத்தில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. இந்தப் பருவ ஓட்டத்துக்கு மேல் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் சேர்ந்துகொள்ளும். நம் கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் கீழேதான், குஜராத் மாதிரி எல்லாம் கிடையாது, அதனால் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று பலர் விட்டுவிடுவார்கள். உயரத்தைப் பார்க்கக் கூடாது, ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். தீவுகளுக்கு இடைப்பட்ட வழிகளிலும் பாரின் ஓரங்களிலும் அந்தக் கொஞ்ச உயரமே தண்ணீரை வேகமாகத் தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும், அட்டமி நவமியில் சோம்பலாகக் கிடக்கும். பௌர்ணமிக்குப் போவதை நான் தவிர்த்துவிடுவேன், ராத்திரி முழுக்க வெளிச்சத்தில் தின்றுவிட்டுக் காலையில் மீன் வாயைத் திறப்பதில்லை என்பது என் எண்ணம். அமாவாசை கழிந்து ரெண்டு மூன்று நாள், அதுதான் என் கணக்கு.

நான் வழக்கமாகப் போகும் வள்ளத்து அண்ணன் படகை நிறுத்தியதும் நங்கூரத்துக்கு முன்னால் ஈயக்குண்டு கட்டின தங்கூஸ் நரம்பைத்தான் இறக்குவார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நரம்பு ஓடிக்கொண்டே இருக்கும், குண்டு தரையைத் தொட்டதும் ரெண்டு தடவை தூக்கித் தூக்கி வைப்பார். டொக்கென்று தட்டினால் கல், மெத்தென்று அமுங்கினால் சேறு. அப்புறம் நரம்பு தண்ணீருக்குள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார், படகின் முகம் எந்தப் பக்கம் காற்றில் திரும்பியிருக்கிறது என்றும் பார்ப்பார். காற்றும் ஓட்டமும் ஒரே பக்கம் என்றால் படகு வேகமாக அடித்துக்கொண்டு போகும், ஜிக் பின்னால் இழுபட்டுப் படுத்துவிடும், அன்றைக்கு நங்கூரம் போட்டு இரை வைத்துப் பிடிப்பதுதான் சரி. காற்று ஒரு பக்கம், ஓட்டம் எதிர்ப் பக்கம் என்றால் படகு கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும், ஜிக் நேர்செங்குத்தாக இறங்கும், அதுதான் ஜிக் நாள். ஆனால் அதே எதிர்ப்பு பாம்பன் வழிக்குள் நடந்தால் அலை செங்குத்தாக எழும்பி ஆபத்து. குண்டை நேராகத் தொங்க விட்டபடியே அவர் "தண்ணி ஓட்டமே இல்லை தம்பி, டீயக் குடிங்க" என்று ஃபிளாஸ்க்கை நீட்டினால் நான் ராடை எடுப்பதே இல்லை. ஓட்டம் நின்ற நேரத்தில் எறிந்து எறிந்து தோள்பட்டை வலிப்பதுதான் மிச்சம். ஓட்டம் மறுபடி திரும்பத் தொடங்கும் அந்த முதல் அரை மணி நேரத்துக்குக் கை ஓயாமல் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள்: ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கின ராடு வைத்திருந்தவன் வெறுங்கையோடு வந்தான், பக்கத்தில் தங்கூஸைத் தெர்மாகோலில் சுற்றி வைத்திருந்தவர் கூடை நிறையப் பிடித்தார் என்று. கேட்க நன்றாக இருக்கும், பாதிதான் உண்மை. நங்கூரம் போட்ட படகில், காலுக்கு நேர் கீழே இருக்கும் விளமீனுக்கு வெட்டின கணவாயோ சூடையோ வைத்து இறக்கக் கைநரம்பைவிட நல்ல சாமான் கிடையாது, கடி நேராக விரலுக்கே வருகிறது. ஐம்பது மீட்டர் தள்ளி ஆலா விழுகிற இடத்தில் இருக்கும் பாரைக்கு அதைக் கொண்டு என்ன செய்வது? அண்ணனே அப்போது "நீங்க எறிங்க தம்பி" என்பார். அவரவர் சாமானுக்கு அவரவர் இடம் இருக்கிறது.

எந்தக் கிழமை போவது என்பதும் இங்கே முக்கியம். இந்த மாவட்டத்தில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று பல காலமாக ஒரு ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. விசைப்படகின் இழுவை மடி (தரையோடு இழுக்கும் வலை) தரையைக் கலக்கிவிட்டுப் போன மறுநாள் வடகடலில் தூண்டில் போடுவது எனக்கு ஒத்து வந்ததில்லை. முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகுகள் போகும். அதன் முன்பாதியில், கச்சான் முழுசாக இறங்குவதற்குள் வடகடலில் போய்ப் பாருங்கள், கடலே வேறு மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு. மதுரைக்காரனான எனக்கு இதில் கொஞ்சம் சொந்தப் பெருமையும் இருக்கிறது. வைகையில் நல்ல தண்ணீர் வந்தால், அது கண்மாய்களை எல்லாம் நிரப்பி மிச்சம் இருந்தால், ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் வடகடலில் போய்ச் சேரும். எல்லா வருஷமும் நடக்காது. நடக்கும்போது செம்மண் தண்ணீரும் கடல் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு தெரியும், மடவைக் கூட்டம் அந்தக் கோட்டை ஒட்டித் திரியும், மடவைக்குப் பின்னால் கொடுவா. கோட்டுக்கு நேர் குறுக்கே எறியாமல் கோட்டோடு சேர்த்து நீளவாக்கில் எறிந்து மெதுவாகச் சுருட்டுங்கள். அலை இருக்கும், கரையிலிருந்தே போடலாம். படகு அந்த நாட்களில் வேண்டாம்.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்கா. குருசடை, மனோலி, முயல் தீவு எல்லாம் அதில் வரும். அனுமதியில்லாமல் தீவில் இறங்குவதும் அங்கே தூண்டில் போடுவதும் குற்றம். எல்லை எது என்று படகுக்காரருக்குத் தெரியும், "கொஞ்சம் உள்ளே போகலாமா அண்ணே" என்று அவரை இக்கட்டில் மாட்டிவிடாதீர்கள், பிடிபட்டால் நமக்கு அபராதம், அவருக்குப் பிழைப்பே போகும். அதே மாதிரி வடகடல் ஓரத்தில் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்க்கிறார்கள், மிதவைக்கு அடியில் மீன் அண்டி நிற்கும்தான், ஆனால் முள் மாட்டிக்கொண்டால் கயிறு அறுபடும், அது ஒரு வீட்டு வருமானம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையிலிருந்து போட ஆசைப்படுவார்கள். அங்கே சாயங்காலம் ஆனதும் ஆட்களை அனுப்பிவிடுவார்கள், தண்ணீரில் கால் வைக்கிற இடமும் இல்லை, சுழித்து இழுக்கும்.

கிளம்பும் முந்தின நாள் இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள், ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம். காற்று ஆப் மட்டும் பார்த்தால் கள்ளக்கடல் தெரியாது. எங்கேயோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். பாறை மேல் நின்று எறிகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது வேறு, போட்டிருப்பது வேறு. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், கடலோரப் பாதுகாப்புக் குழுமம் கேட்பார்கள், எல்லைப் பகுதி அது.

சின்னச் சின்ன விஷயங்கள் கொஞ்சம். பிரெய்டையும் லீடரையும் சேர்க்கும் எஃப்.ஜி. முடிச்சைக் கரையிலேயே, முந்தின ராத்திரி அறையில் உட்கார்ந்து, ஒரு ரீலுக்கு ஒன்று என்று கட்டி முடித்துவிடுங்கள். ஆடுகிற படகில், சொறி (ஜெல்லி மீன்) ஒட்டி வழவழக்கும் விரலோடு, பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு அதைக் கட்டுவது நரகம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு முழத்தை நகக்கண்ணில் வைத்து இழுத்துப் பாருங்கள், எங்கேயாவது சொரசொரப்பாகத் தட்டினால் யோசிக்காமல் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். லூரோடு வரும் மூன்று கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது, மீனை விடுவதும் சுலபம், என் கையில் ஏறுவதும் குறைவு. திரும்பி வந்ததும் ரீலுக்கு நல்ல தண்ணீரில் மெல்லிய குளியல் போதும், பைப்பை முழு வேகத்தில் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டிராக்கைத் தளர்த்திவிட்டுக் காய வையுங்கள்.

பிடித்த மீன் யாருக்கு என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். டீசல், ஆள் கூலி போக மீனில் பங்கு உண்டா, பெரிய மீன் வந்தால் விற்கிற காசு யாருக்கு என்பதெல்லாம் கடல் மேல் பேசினால் முகம் கோணும். எனக்கும் அண்ணனுக்கும் உள்ள ஏற்பாடு, வீட்டுக்கு ரெண்டு நாள் குழம்புக்கு எனக்கு, மிச்சம் அவருக்கு. கையளவு களவாவை ரெண்டு பேரும் திருப்பி விட்டுவிடுவோம், அது வளர வருஷக்கணக்கில் ஆகும். சீலா கிடைத்தால் உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, உடைத்த ஐஸில் கடல் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி அதில் முக்கி வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி மேல் கிடத்தினால் மேல்பக்கம் வெயிலில் வெந்து அடிப்பக்கம் மட்டும் குளிரும். ஐஸை மண்டபத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேசுவரம் வரைக்கும் போகிறது, மண்டபத்தில் ஏறினால் மதுரைக்கு மூன்று நாலு மணி நேரம், பெட்டி தாங்கும். மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், கம்பார்ட்மெண்டில் யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள்.